தம்புரா லூப்பில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு விக்கல்: எம்பி3 கோப்பில் நான் வைக்காத மௌனம் எங்கிருந்து வருகிறது?

சுருதிப்பெட்டி:

வணக்கம். பாட்டு கற்றுக்கொள்பவர்களுக்காக ஒரு சின்ன தம்புரா செயலி செய்துகொண்டிருக்கிறேன். உலாவியிலேயே ஓடும், எதையும் நிறுவ வேண்டாம். நிஜத் தம்புராவைப் பதிவு செய்து, ப ஸ ஸ ஸ மீட்டல் ஒரு சுற்று முழுதாக முடியும் இடத்தில் வெட்டி, சரியாக 12 வினாடி லூப்பாக வைத்திருக்கிறேன். 44,100 ஹெர்ட்ஸ், மோனோ. வேவ் கோப்பாகச் சுழலவிட்டால் தையல் எங்கே இருக்கிறது என்று எனக்கே தெரியவில்லை. அதையே எம்பி3 ஆக்கினால் 12 வினாடிக்கு ஒருமுறை ஒரு விக்கல். பாடுகிறவருக்கு அது தாளம் மாதிரி கேட்க ஆரம்பித்துவிடுகிறது, அதுதான் பெரிய தொல்லை.

எடிட்டரில் திறந்து பார்த்தால் முன்னால் கொஞ்சம் மௌனம், பின்னால் கொஞ்சம் மௌனம். நான் வைத்ததில்லை. வேறொரு மென்பொருளில் அதே கோப்பைத் திறந்தால் மௌனத்தின் அளவு வேறு. பிட்ரேட்டை 128-லிருந்து 320-க்கு ஏற்றிப் பார்த்தேன், ஒரு மாற்றமும் இல்லை. என்ன நடக்கிறது? எப்படித் தீர்ப்பது?

கரிசல்காட்டான்:

எம்பி3 என்றாலே இந்த வியாதி உண்டு. இரண்டு பிளேயர்களை வைத்து, ஒன்று முடிவதற்குள் மற்றொன்றை ஆரம்பித்து கிராஸ்ஃபேட் போட்டுவிடுங்கள், ஒன்று தேயத் தேய மற்றது எழட்டும். 50 மில்லிவினாடி போதும். காதுக்குத் தெரியாது.

அலைநீளம்:

கரிசல் அண்ணே, மௌனத்தின் மேல் கிராஸ்ஃபேட் போட்டால் மௌனமும் ஒலியும்தான் கலக்கும். விக்கல் போய், ஒவ்வொரு சுற்றிலும் சத்தம் ஒருமுறை அமுங்கி எழும். தம்புராவில் அது இன்னும் நன்றாகவே தெரியும். வேறு வழியே இல்லையென்றால் செய்யலாம்.

சுருதிப்பெட்டி, பிட்ரேட்டை எவ்வளவு ஏற்றினாலும் இது போகாது. எம்பி3 ஒலியைக் கட்டம் கட்டமாகத்தான் எடுத்துவைக்கும். ஒரு கட்டம், அதாவது ஒரு ஃப்ரேம், 1152 சாம்பிள். சாம்பிள் என்பது ஒலியை அளந்த ஒரு புள்ளி, உங்கள் கோப்பில் வினாடிக்கு 44,100. 44,100-இல் சுமார் 26 மில்லிவினாடி. உங்கள் 12 வினாடி என்பது 5,29,200 சாம்பிள். 1152-ஆல் வகுத்துப் பாருங்கள், 459.375 வரும். அரைகுறை ஃப்ரேம் என்று எம்பி3-இல் ஒன்று கிடையாது. ஆகவே மிச்ச இடத்தை என்கோடர், அதாவது எம்பி3 ஆக்கும் நிரல், பூஜ்யத்தால் நிரப்பிவிடும். வால் பக்க மௌனம் அது. பேடிங் என்று சொல்வது இதைத்தான்.

தலைப் பக்கத்துக்குக் காரணம் வேறு. எம்பி3 ஒலியை முதலில் 32 அலைவரிசைப் பட்டைகளாகப் பிரிக்கும். அந்த வடிகட்டி ஒரு நேரத்தில் 512 சாம்பிள்களைப் பார்த்து வேலை செய்கிறது. அதற்கு மேல், ஒவ்வொரு பட்டையையும் பாதிக்குப் பாதி ஒன்றின் மேல் ஒன்று ஏறும் சாளரங்களாக எடுத்து உருமாற்றும். கூரைக்கு ஓடு வேய்வதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஓட்டின் பாதியும் அடுத்ததன் கீழ் மறைந்தால்தான் தண்ணீர் ஒழுகாது. விளிம்பில் இருக்கும் ஓட்டுக்குத் துணை வேண்டும் என்பதால் கூரை சுவரைத் தாண்டி நீளும். இங்கே முதல் சாம்பிளை முழுதாக மீட்க அதற்கு முந்தைய சாளரமும் வேண்டும். முன்னால் ஒன்றும் இல்லாததால் என்கோடர் பூஜ்யங்களை வைத்துத் தொடங்குகிறது.

லேம் என்ற எம்பி3 என்கோடர் இப்படி முன்னால் சேர்ப்பது வழக்கமாக 576 சாம்பிள். டிலே என்பது இதுதான். எம்பி3-யைத் திரும்ப ஒலியாக்கும் டிகோடர் தன் பங்குக்கு 529 சாம்பிள் தள்ளிப்போடும். இரண்டும் சேர்ந்து 1105, அதாவது 25 மில்லிவினாடி. ஒலி, காணொலிக் கோப்புகளைக் கையாளும் எஃப்எஃப்எம்பெக் கருவியில் எம்பி3 கோப்பைப் பற்றி விசாரித்தால் தொடக்க நேரம் 0.025057 என்று காட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த விநோதமான எண் 1105-ஐ 44,100-ஆல் வகுத்ததுதான்.

உங்கள் கோப்புக்கான கணக்கு இப்படி வரும். முன்னால் 576, நடுவில் உங்கள் 5,29,200, பின்னால் 1296. கூட்டினால் 5,31,072. அது மிகச் சரியாக 461 ஃப்ரேம். பின்னால் 144 சாம்பிள் போட்டாலே 460 ஃப்ரேம் நிரம்பியிருக்கும். ஆனால் டிகோடர் தள்ளிப்போடும் 529 சாம்பிளுக்கும் இடம் வேண்டுமே, அதனால் பேடிங் 576-க்குக் குறைந்தால் லேம் இன்னொரு முழு ஃப்ரேமைச் சேர்த்துக்கொள்ளும்.

ஒன்றும் தெரியாத பிளேயர் அத்தனையையும் வாசிக்கும். 1872 சாம்பிள் அதிகம், 42 மில்லிவினாடி இடைவெளி. அதைவிட ஒன்றும் தெரியாத பிளேயரும் உண்டு, அதைப் பற்றி அடுத்த பதிவில்.

பழையநாடா:

அடுத்த பதிவுக்குக் காத்திருக்கிறேன். என்னிடம் இருப்பது கச்சேரிக் குறுந்தட்டுகள். ஆலாபனை ஒரு ட்ராக், கீர்த்தனை அடுத்த ட்ராக், தனி ஆவர்த்தனம் இன்னொன்று. தட்டில் போட்டால் தம்புரா விடாமல் ஓடுகிறது. எம்பி3 ஆக்கிக் காரில் போட்டால் பாடகர் பல்லவியை எடுக்கும் நேரத்தில் ஒரு பள்ளம்.

அலைநீளம்:

சரி, தொடர்கிறேன்.

எம்பி3 தரத்தை எழுதியபோது நிஜ ஒலி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று குறித்துவைக்க இடமே ஒதுக்கவில்லை. அப்புறம் வந்த ஒட்டுவேலைதான் இப்போது நம்மைக் காப்பாற்றுகிறது. மாறும் பிட்ரேட் கோப்புகளில் முன்னும் பின்னும் தாவ உதவியாக, முதல் ஃப்ரேமில் ஒலிக்குப் பதிலாக ஒரு அட்டவணையை வைக்கும் பழக்கம் ஸிங் நிறுவனத்தால் வந்தது. அந்த ஃப்ரேமில் மிச்சமிருந்த இடத்தை லேம் குழுவினர் எடுத்துக்கொண்டார்கள். 2001-இல் வந்த 3.90 பதிப்புக் காலத்திலிருந்து அதில் 3 பைட் இதற்கென்றே இருக்கிறது. முதல் 12 பிட் முன் டிலே, அடுத்த 12 பிட் பின் பேடிங். ஒவ்வொன்றிலும் 4095 வரை எழுதலாம். நிலையான பிட்ரேட் கோப்பாக இருந்தால் ஸிங் என்பதற்குப் பதில் இன்ஃபோ என்று எழுதியிருக்கும், உள்ளடக்கம் ஒன்றுதான்.

இதைப் படிக்கத் தெரிந்த பிளேயர் முன்னால் 576-உடன் 529-ஐக் கூட்டி 1105-ஐ வெட்டும். பின்னால் 1296-இலிருந்து 529-ஐக் கழித்து 767-ஐ வெட்டும். மிச்சம் 5,29,200. நீங்கள் கொடுத்தது அப்படியே.

படிக்கத் தெரியாத பிளேயர்கள் இரண்டு வகை. ஒன்று அந்த முதல் ஃப்ரேம் ஒலி இல்லை என்று மட்டும் தெரிந்து அதைத் தாண்டிவிடும், மற்றதை வெட்டாது. இன்னொன்று அதையும் ஒலி என்று நினைத்து டிகோட் செய்யும். அப்போது கூடுதலாக 1152 சாம்பிள் மௌனம், மொத்த இடைவெளி 68 மில்லிவினாடிக்கு மேல். இரண்டு மென்பொருளில் இரண்டு அளவு மௌனம் தெரிந்ததற்கு இதுதான் காரணம்.

பழையநாடா ஐயா, குறுந்தட்டில் ட்ராக் எல்லைகள் எப்போதும் 588 சாம்பிளின் மடங்கில்தான் விழும், ஏனென்றால் தட்டு வினாடிக்கு 75 பகுதிகளாகப் பிரிந்திருக்கிறது. 588-க்கும் 1152-க்கும் ஒத்துவராது. இரண்டும் சேர்ந்து வகுபடும் மிகச் சிறிய நீளம் 56,448 சாம்பிள், அதாவது 1.28 வினாடி. உங்கள் ட்ராக் நீளம் தற்செயலாக 1.28-இன் மடங்காக அமைந்தாலும் முன் டிலே இருக்கவே இருக்கிறது. ஆக, தனித்தனி எம்பி3 ஆக்கினால் பள்ளம் நிச்சயம். லேமில் இடைவெளியில்லா முறை என்று ஒரு விருப்பம் உண்டு. எல்லா ட்ராக்குகளையும் வரிசையாக ஒரே ஓட்டத்தில் கொடுத்தால், என்கோடர் நடுவில் நிற்காமல் ஒன்றின் வாலையே அடுத்ததன் தலையாக வைத்துக்கொண்டு போகும். கார் பிளேயருக்கு அது பேருதவி. அதுவும் சரிப்படாவிட்டால் கச்சேரி முழுவதையும் ஒரே கோப்பாக வைத்து, ட்ராக் நேரங்களைக் கியூ கோப்பில் எழுதுங்கள். கார் பிளேயர் கியூவைப் படிக்காது, ஆனால் பள்ளமும் இருக்காது.

மிக்ஸர்:

இழையைத் திசைதிருப்பவில்லை, இது சம்பந்தப்பட்டதுதான். வீட்டிலிருந்தே பதிவு செய்து ஆளுக்கொரு ட்ராக் அனுப்பும் குழுக்களுக்கு மிக்ஸ் செய்து தருகிறேன். மிருதங்கக்காரர் எம்பி3 அனுப்புவார், வயலின்காரர் போனிலிருந்து எம்4ஏ அனுப்புவார். இரண்டையும் பூஜ்யத்தில் வைத்து ஓட்டினால் மிருதங்கம் சற்று முன்னால் போய்விடுகிறது. வாசித்தவர் மீது பழி. இதுவும் அதே கதைதானா?

அலைநீளம்:

அதே கதையாக இருக்க நிறைய வாய்ப்பு. எம்4ஏ கோப்புக்குள் இருப்பது பெரும்பாலும் ஏஏசி, எம்பி3 போல இன்னொரு சுருக்க முறை. அதன் ஃப்ரேம் 1024 சாம்பிள். ஆப்பிளின் என்கோடர் முன்னால் சேர்ப்பது 2112 சாம்பிள். 44,100-இல் 48 மில்லிவினாடி. எஃப்எஃப்எம்பெக்கின் சொந்த ஏஏசி என்கோடர் சேர்ப்பது 1024. உங்கள் எடிட்டர் இரண்டு கோப்பிலும் எதையும் வெட்டாமல் விட்டால் எம்பி3 1105 தள்ளி வரும், ஆப்பிள் ஏஏசி 2112 தள்ளி வரும். வித்தியாசம் 1007 சாம்பிள், கிட்டத்தட்ட 23 மில்லிவினாடி. மிருதங்கத்தின் அடி எவ்வளவு கூர்மையானது என்று உங்களுக்குத் தெரியாததா, அந்த அளவு போதும் இரண்டும் ஒட்டாமல் போக. ஒன்றை வெட்டி மற்றதை வெட்டாமல் விட்டால் இன்னும் மோசம்.

வேவ் அல்லது இழப்பில்லாமல் சுருக்கும் ஃபிளாக் கேளுங்கள். இரண்டிலும் இந்த விவகாரமே கிடையாது. தர மறுத்தால், தொடக்கத்தில் எண்ணிக்கைக்கு ஒரு கைதட்டு வைத்து அனுப்பச் சொல்லுங்கள். கைதட்டை வைத்து நகர்த்திக்கொள்ளலாம்.

மீனா_நிரல்:

சுருதிப்பெட்டி, உலாவி என்பதால் நான் சொல்கிறேன். ஆடியோ டேகில் லூப் பண்பை வைத்துச் சுழலவிடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். அதில் சாம்பிள் சுத்தமாகச் சேரும் என்று யாரும் உத்தரவாதம் தருவதில்லை. உலாவிக்கு உலாவி, பதிப்புக்குப் பதிப்பு மாறும். உலாவிக்குள்ளேயே நிரல் எழுதி ஒலியைக் கையாளும் வசதியான வெப் ஆடியோவுக்கு மாறுங்கள். கோப்பை ஒருமுறை முழுதாக டிகோட் செய்து நினைவகத்தில் பஃபராக வைத்துக்கொண்டு, பஃபர் மூலத்தில் லூப் தொடக்கம், லூப் முடிவு என்று இரண்டு நேரங்களைக் கொடுத்தால் அதற்குள்ளேயே சுற்றும்.

இங்கேதான் எல்லோரும் தடுக்கி விழுவது. 1105 தள்ளிவிட்டு அங்கிருந்து 12 வினாடி என்று கணக்குப் போட்டு நிரலில் எழுதிவிடுவார்கள். இன்று வெட்டாத உலாவி நாளை வெட்ட ஆரம்பிக்கும். அப்போது ஏற்கெனவே வெட்டியதன் மேல் இன்னொரு 1105 வெட்டப்படும். பாட்டுக் கோப்பில் அப்படி நடந்தால் முதல் எழுத்தின் மெய் காணாமல் போகும். ‘கற்பகமே’ என்பது ‘அற்பகமே’ என்று கேட்கும், சிரிப்பு அடக்க முடியாது.

யார் வெட்டுவது என்பதை முதலிலேயே முடிவு செய்யுங்கள். டிகோடர் வெட்டினால் நீங்கள் தொடாதீர்கள். நீங்கள் வெட்டுவதாக இருந்தால் டிகோடரை வெட்டாதே என்று சொல்லும் வசதி இருக்க வேண்டும். எஃப்எஃப்எம்பெக்கில் அப்படி ஒரு விருப்பம் உண்டு. உலாவியில் கிடையாது.

சுருதிப்பெட்டி:

அப்படியானால் உலாவியில் எனக்கு வழியே இல்லையா? வேவ் கோப்பாகவே போட்டுவிடலாம் என்றால் 12 சுருதி, ஒவ்வொன்றுக்கும் பஞ்சமம், மத்தியமம் என்று 24 கோப்பு. ஒன்று 1 எம்பிக்குக் கொஞ்சம் மேல். மொத்தம் 25 எம்பி. எம்பி3 என்றால் 5 எம்பிக்குள் அடங்கும்.

மீனா_நிரல்:

வழி இருக்கிறது, அதுவும் டிலேயைப் பற்றிக் கவலையே படாத வழி. உங்களுடையது சுழலும் ஒலி, அதுதான் உங்கள் அதிர்ஷ்டம்.

வேவ் நிலையிலேயே லூப்பின் கடைசி அரை வினாடியை எடுத்து முன்னால் ஒட்டுங்கள். முதல் அரை வினாடியை எடுத்துப் பின்னால் ஒட்டுங்கள். இப்போது 13 வினாடிக் கோப்பு. அதை எம்பி3 ஆக்குங்கள். உலாவியில் டிகோட் செய்தபின் லூப் தொடக்கம் 0.5, லூப் முடிவு 12.5 என்று வையுங்கள்.

இதில் என்ன நடக்கிறது என்றால், அந்த 13 வினாடியும் 12 வினாடிக்கு ஒருமுறை தன்னையே திரும்பச் சொல்லும் ஒலி. அதன் நடுவில் எந்த இடத்தில் தொடங்கினாலும், சரியாக 12 வினாடி நீளம் எடுத்தால் அது தையலில்லாமல் சேரும். டிகோடர் 1105 வெட்டியதா, வெட்டவில்லையா, இன்ஃபோ ஃப்ரேமையும் சேர்த்து வாசித்ததா, எதுவானாலும் உங்கள் சாளரம் 70 மில்லிவினாடிக்குள்தான் இங்கும் அங்கும் நகரும். இரண்டு பக்கமும் அரை வினாடி கையிருப்பு இருக்கிறது. நீளம் மட்டும் பிசகக் கூடாது.

அலைநீளம்:

அழகு. இன்னொரு லாபமும் இருக்கிறது, அதை மீனா சொல்லாமல் விட்டுவிட்டார். டிலே, பேடிங் இரண்டையும் சாம்பிள் பிசகாமல் வெட்டினாலும் சாதாரண லூப் கோப்பில் தையல் முழுச் சுத்தமாக இராது. என்கோடருக்கு இது சுழலப்போகும் ஒலி என்று தெரியாது. மௌனத்திலிருந்து திடீரென்று தம்புரா எழுகிறது என்று நினைத்துத்தான் முதல் ஃப்ரேமைச் சுருக்கும். முடிவிலும் அப்படியே, தம்புரா திடீரென்று அறுந்தது என்று நினைக்கும். அந்த இரண்டு இடத்திலும் சுருக்கத்தின் இரைச்சல் வேறு குணத்தில் இருக்கும். முன்னும் பின்னும் அசல் ஒலியையே ஒட்டிவிட்டால் நீங்கள் பயன்படுத்தும் 12 வினாடியும் என்கோடர் நிதானமாக வேலை செய்த நடுப்பகுதியாக இருக்கும்.

எல்லா உலாவியிலும் ஓட வேண்டும் என்றால் எம்பி3-யிலேயே இருங்கள். ஓபஸ் என்ற இன்னொரு சுருக்க முறை இந்த விஷயத்தில் ஒழுக்கமானது. முன்னால் எத்தனை சாம்பிளைத் தள்ள வேண்டும் என்பதைத் தலைப்பிலேயே எழுதச் சொல்லித் தரமே கட்டாயப்படுத்துகிறது. வழக்கமாக 48,000-இல் 312 சாம்பிள், 6.5 மில்லிவினாடிதான். முடிவை, ஓபஸை வழக்கமாக வைக்கும் ஓக் கோப்பின் கடைசிப் பக்கத்தில் இருக்கும் நிலை எண்ணே சொல்லிவிடும். ஆனால் பழைய ஐபோன்களின் சஃபாரியில் ஓக் வடிவ ஓபஸ் ஓடாது.

பழையநாடா:

மீனா அவர்களின் வித்தை கச்சேரிக்கு ஆகாது, அது சுழலாது. ஆகவே என் கோப்புகளில் அந்த 3 பைட் சரியாக இருந்தே ஆக வேண்டும். அது கெட்டுப்போக வழிகள் உண்டா? பழைய எம்பி3-களைப் பாதியில் துண்டாக்கி வைத்திருக்கிறேன், டேக்கையும் அவ்வப்போது சுத்தம் செய்கிறேன்.

அலைநீளம்:

உண்டு, நீங்கள் சொன்ன இரண்டுமே.

துண்டாக்குவதை முதலில் பார்ப்போம். திரும்ப என்கோட் செய்யாமல் ஃப்ரேம் எல்லையில் வெட்டும் கருவிகள் இருக்கின்றன. சில, பழைய இன்ஃபோ ஃப்ரேமை அப்படியே முதல் துண்டின் தலையில் விட்டுவிடும். அதில் இருக்கும் மொத்த ஃப்ரேம் எண்ணிக்கையும் பேடிங்கும் முழுக் கோப்புக்கு உரியவை. முதல் துண்டின் வாலில் நிஜ இசைதான் இருக்கிறது, பேடிங் இல்லை. ஆனால் பிளேயர் பேடிங் என்று நம்பி அதை வெட்டும். இரண்டாவது துண்டின் தலையில் எதுவுமே எழுதியிருக்காது. அதைவிட நுணுக்கமான சிக்கல் ஒன்று உண்டு. எம்பி3 ஃப்ரேம் தன் தரவை முந்தைய ஃப்ரேம்களில் மிச்சமான இடத்தில் 511 பைட் வரை கடன் வைத்திருக்கலாம். நடுவில் வெட்டினால் இரண்டாவது துண்டின் முதல் ஃப்ரேமுக்குத் தேவையான தரவு முதல் துண்டோடு போய்விடும். டிகோடர் அந்த ஃப்ரேமை மௌனமாக்கிவிடும் அல்லது ஒரு கீச்சொலி எழுப்பும். குறுந்தட்டு கையில் இருக்கும்போது எம்பி3-யை ஏன் வெட்ட வேண்டும்? தட்டிலிருந்து ஃபிளாக்காக எடுத்துவைத்துக்கொண்டு, வேண்டும்போது எம்பி3 செய்துகொள்ளுங்கள்.

டேக் சுத்தம் செய்வது எம்பி3-க்குப் பெரும்பாலும் தீங்கில்லை. பாடகர் பெயர், ராகம் எல்லாம் இருக்கும் டேக் வேறு, இன்ஃபோ ஃப்ரேம் வேறு. ஆனால் ஐட்யூன்ஸ் செய்த கோப்புகளில் கவனம் வேண்டும். 2006-இல் வந்த ஐட்யூன்ஸ் 7-இல் இடைவெளியில்லாமல் வாசிக்கும் வசதி வந்தது. அது கணக்கை எழுதிவைக்கும் இடம் டேக்கில் ஒரு குறிப்பு மாதிரிதான் இருக்கும். பதினாறடிமான எண்களின் நீண்ட வரிசை, அர்த்தமில்லாத குப்பை போலத் தெரியும். 00000840 என்று அதில் பார்த்தால் அது 2112, ஆப்பிள் ஏஏசியின் முன் டிலே. அடுத்த எண் பேடிங், அதற்கடுத்தது நிஜ நீளம். சுத்தக்காரர்கள் முதலில் அழிப்பது இதைத்தான்.

மிக்ஸர்:

எம்4ஏ-வில் எடிட் லிஸ்ட் என்று ஒன்று இருக்கிறதே, அது என்ன? ஒரு கருவி அதைப் பற்றி எச்சரிக்கை காட்டியது.

அலைநீளம்:

அதே தகவல், இன்னொரு இடத்தில். எம்பி4 பெட்டிக்குள் ‘ஊடகத்தின் 2112-ஆவது சாம்பிளிலிருந்து இவ்வளவு நேரம் வாசி’ என்று எழுதிவைக்கும் பகுதி. இதுதான் முறையான வழி, டேக்கில் இருப்பது ஆப்பிள் வழக்கம். இரண்டும் ஒரே கோப்பில் இருந்து, இரண்டையும் தனித்தனியாக நம்பும் நிரல் இரண்டு முறை வெட்டும். மீனா சொன்ன ‘அற்பகமே’ அங்கேயும் வரும்.

எடிட் லிஸ்டில் ஒரு பொடி வைத்திருக்கிறார்கள். தொடக்கம் ஒலியின் சொந்த அலகில், அதாவது சாம்பிளில் எழுதப்படும். நீளம் மட்டும் முழுக் கோப்பின் நேர அலகில். அந்த அலகு 1000 என்று இருந்தால் நீளம் மில்லிவினாடிக்கு முழுமையாக்கப்படும். ஒரு மில்லிவினாடி 44 சாம்பிள். பாட்டு கேட்க அது போதும், தொடர் ட்ராக்குகளை ஒட்டப் போதாது. எம்4ஏ-வைத் திறந்து வெறும் ஏஏசி ஓட்டமாக வெளியே எடுத்தால் எடிட் லிஸ்டும் போய்விடும், அந்த வடிவத்தில் இதை எழுத இடமே இல்லை.

கரிசல்காட்டான்:

நான் ஒலிநூல் பக்கம் வேலை செய்கிறேன். நீளமான பதிவை 10 வினாடித் துண்டுகளாக வெட்டி, பல கணினிகளில் ஒரே நேரத்தில் ஏஏசி ஆக்கி, அப்புறம் வரிசையாக ஸ்ட்ரீம் செய்கிறோம். ஒவ்வொரு துண்டின் எல்லையிலும் வாசிப்பவர் குரல் தட்டுகிறது என்று புகார். இதைப் படித்தபின் விஷயம் புரிகிற மாதிரி இருக்கிறது.

மீனா_நிரல்:

புரிந்திருக்கும். ஒவ்வொரு துண்டும் தனிக் கோப்பு என்று நினைத்து ஒவ்வொன்றுக்கும் முன் டிலே, பின் பேடிங் இரண்டும் சேர்கின்றன. 10 வினாடி என்பது 44,100-இல் 430.66 ஏஏசி ஃப்ரேம், முழு எண்ணே இல்லை. முழுப் பதிவையும் ஒரே ஓட்டமாக என்கோட் செய்துவிட்டு, ஃப்ரேம் எல்லையில் துண்டாக்குங்கள். துண்டுகள் சரியாக 10 வினாடியாக இருக்காது, 9.98, 10.01 என்று வரும். அதனால் ஒன்றும் குடி முழுகாது, ஒவ்வொரு துண்டின் நிஜ நீளத்தையும் பட்டியலில் எழுதினால் போதும். பல கணினியில் பிரித்தே ஆக வேண்டும் என்றால் அத்தியாயம் அத்தியாயமாகப் பிரியுங்கள், எல்லையில் நிஜ மௌனம் இருக்கும்.

கரிசல்காட்டான்:

அத்தியாயமாகப் பிரிப்பது எங்களுக்கும் வசதிதான். வேலைப் பங்கீட்டை மட்டும் மாற்ற வேண்டும், மேலிடத்தில் பேசிப் பார்க்கிறேன்.

கிராஸ்ஃபேட் யோசனையை நான் இன்னும் விடவில்லை, அலைநீளம். லூப்பை உருவாக்கும்போது, என்கோட் செய்வதற்கு முன், வேவில் கிராஸ்ஃபேட் போடுவதில் தப்பில்லையே?

அலைநீளம்:

அங்கே போட்டால் தப்பே இல்லை, போடத்தான் வேண்டும். நான் எதிர்த்தது டிகோட் ஆனபின் மௌனத்தின் மேல் போடுவதை.

சுருதிப்பெட்டி:

மீனா அக்கா சொன்னபடி 13 வினாடிக் கோப்பாக மாற்றினேன். ஒரு கட்டை, ஒன்றரைக் கட்டை இரண்டிலும் தையல் போன இடம் தெரியவில்லை. கணினி, போன் இரண்டிலும் கேட்டேன். மிக்க நன்றி.

ஒரே ஒரு குறை. ஐந்து கட்டை லூப்பில் மீட்டல் வேகம் கொஞ்சம் அதிகம், அதனால் நீளம் 12 வினாடி இல்லை, 5,01,500 சாம்பிள். அதில் மட்டும், அதுவும் போனில் மட்டும், ஹெட்ஃபோன் போட்டால் மிக நுண்ணியதாக ஒரு டிக். கணினியில் இல்லை.

மீனா_நிரல்:

உங்கள் போன் ஒலியை 48,000-இல் ஓட்டுகிறது என்று நினைக்கிறேன், கணினி 44,100-இல். உலாவி டிகோட் செய்யும்போதே சாதனத்தின் வேகத்துக்கு மாற்றிவிடும். 44,100-க்கும் 48,000-க்கும் உள்ள விகிதம் 147-க்கு 160. உங்கள் 5,01,500 சாம்பிள் அங்கே 5,45,850.34 ஆகிறது. அந்த 0.34-ஐ உலாவி முழுமையாக்கினால், சுற்றுக்கு ஒருமுறை சாம்பிளின் ஒரு பங்கு தாவும். தம்புராவின் மேல் ஸ்வரங்கள் அவ்வளவு செறிவாக இருப்பதால் அது டிக் என்று கேட்கிறது. 12 வினாடி லூப்பில் இது வராததற்குக் காரணம் 5,29,200 என்பது 147-ஆல் மீதியில்லாமல் வகுபடும்.

லூப் நீளத்தை 147-இன் மடங்காக்குங்கள். உங்களுக்கு மிக அருகில் இருப்பது 5,01,564. அது 48,000-இல் சரியாக 5,45,920. இன்னொன்று, லூப் முடிவு நேரத்தை 11.873 என்று மூன்று தசமத்தோடு நிறுத்திக் கொடுக்காதீர்கள். சாம்பிள் எண்ணிக்கையை 44,100-ஆல் வகுத்து, நிரலுக்குள்ளேயே கணக்கிட்டு, அரை வினாடியைக் கூட்டி அப்படியே கொடுங்கள்.

சுருதிப்பெட்டி:

64 சாம்பிள் கூட வேண்டும். அதை எங்கிருந்து கொண்டுவருவது? மௌனம் சேர்த்தால் பழைய கதைதான். வேகத்தைக் கொஞ்சம் இழுக்கலாமா?

அலைநீளம்:

இழுக்க வேண்டாம், 64 சாம்பிள் ஒன்றரை மில்லிவினாடிகூட இல்லை. உங்கள் அசல் நீண்ட பதிவில் வெட்டிய இடத்துக்கு அப்பாலும் தம்புரா ஓடிக்கொண்டுதானே இருக்கும். முடிவுப் புள்ளியை அங்கே 64 சாம்பிள் தள்ளி வையுங்கள். தையலில் அலை ஒத்துவராவிட்டால், மீட்டல் அடிகளுக்கு நடுவே நாதம் மட்டும் நிற்கும் இடமாகப் பார்த்து, கரிசல் அண்ணன் சொன்ன கிராஸ்ஃபேடை வேவ் நிலையில் 20 மில்லிவினாடிக்குப் போட்டுவிட்டு, நீளம் 5,01,564 இருக்கிறதா என்று ஒருமுறை எண்ணிப் பார்த்தபின் முன்னும் பின்னும் அரை வினாடியை ஒட்டுங்கள். மற்ற 23 கோப்புகளின் நீளத்தையும் 147-ஆல் வகுத்துப் பார்த்துவிடுங்கள்.